மெக்சிகோ பாணி கல்யாண ஷூட்டுக்கு செட்டிங் வாடகைக்கு எடுக்கிறீங்களா? 38,400 பெசோ போன இடம் இது, படிச்சுட்டு எடுங்க

சனிக்கிழமை ஷூட். இன்னைக்குச் செவ்வாய். கொடுத்த 38,400 பெசோவுல ஒரு பெசோ திரும்பி வரல. ரூபாய்ல பார்த்தா ஒன்றரை லட்சத்துக்கு மேல. கோபம் ஆறிட்டா எழுத மாட்டேன், அதனால இப்பவே எழுதறேன். கடைசியில பத்து எச்சரிக்கை வரிசையா போடறேன், நேரம் இல்லாதவங்க அதை மட்டுமாவது படிங்க.

ஊர் மெக்சிகோவுல இருக்கிற வஹாக்கா. கடை பேரு சொல்லப் போறதில்ல. கல்யாண அலங்காரச் சாமான் வாடகைக்கு விடறவங்களை எல்லாம் ஒரே இடத்துல காட்டுற ஒரு இணையதளம், அதுல நல்ல நட்சத்திரத்தோட இருந்த ஒரு வாடகைக் கடை. அவ்வளவு போதும்.

கேட்டது பெரிய ஆடம்பரம் இல்ல. பழைய வீட்டு முற்றம், ஜோடிக்கு ஒரு சாப்பாட்டு மேசை, தலைக்கு மேல வெள்ளைத் தோரணம், பொண்ணுக்குத் தெவானா உடை, அதாவது வஹாக்கா மாநிலத்துப் பாரம்பரியப் பெண்கள் உடை. சோம்ப்ரேரோ தொப்பி, ஒட்டு மீசை, மண்டையோடு எதுவும் வேண்டாம்னு முதல் வரியிலயே எழுதியாச்சு. மண்டையோடு இறந்தவங்க நாளுக்கு வைக்கிறது. காதல் படத்துக்கு நடுவுல அதைக் கொண்டுவந்து வச்சா ஊர்க்காரங்களே முகம் சுளிப்பாங்க. பட்டியல்ல இருந்தது: கையால வெட்டின வெள்ளை பாப்பெல் பிக்காதோ (வெட்டுவேலைக் காகிதம்) தோரணம் 40 மீட்டர், தலவேரா (கையால வண்ணம் தீட்டின மெருகுப் பீங்கான்) தட்டு 12, தெனாங்கோ கைத்தையல் (கையால பூவேலை செஞ்ச) மேசை விரிப்பு 4 மீட்டர், எக்கிபால் (குச்சியும் தோலும் வச்சுச் செய்யுற) நாற்காலி 6, பாரோ நெக்ரோ கறுப்பு மண் ஜாடி 10, தெவானா உடை தலை அலங்காரத்தோட, பட்டு ரெபோஸோ (நீளமான சால்வை) ஒண்ணு, டாலியா 80, சம்பங்கி 120 தண்டு, லாசோ (ஜோடி தோள்ல போடுற மாலை), ஆர்ராஸ் (கல்யாணச் சடங்குக் காசு). எல்லாம் சேர்த்து 38,400. அதுல 6,000 சாமான் திரும்பினதும் திருப்பித் தர வேண்டிய வைப்புத் தொகை.

நம்பினது எந்த நிமிஷத்துலன்னு சரியா சொல்லிட முடியும். வீடியோ கால்ல கடைக்கார அம்மா ஒரு தலவேரா தட்டை எடுத்துத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினாங்க. கையெழுத்து, பட்டறை முத்திரை, ஹோலோகிராம் மூணும் இருந்தது. முத்திரை வச்ச தலவேராவுக்கு இது மூணும் இருக்கணும். அப்புறம் விரல்ல இருந்த மோதிரத்தைக் கழட்டி, ரெபோஸோவோட ஒரு மூலையை அதுக்குள்ள நுழைச்சு இழுத்தாங்க. இரண்டு மீட்டருக்கு மேல நீளமான துணி, தண்ணி மாதிரி மோதிரத்துக்குள்ள ஓடி அந்தப் பக்கம் விழுந்துச்சு. சான் லூயிஸ் பொத்தோசியில சாந்தா மரியா தெல் ரியோங்கிற ஊர்ல நெய்யுற பட்டு ரெபோஸோவுக்குத்தான் அப்படி ஒரு பேரு. இதைத் தெரிஞ்சு வச்சிருக்கிறவங்க நல்ல சாமான்தான் வச்சிருப்பாங்கன்னு தோணுச்சு. தோணினது தப்பில்ல. அவங்ககிட்ட நல்ல தட்டு ஒண்ணு இருந்தது, நல்ல ரெபோஸோ ஒண்ணு இருந்தது. காட்டுறதுக்கு மட்டும்.

அடுத்த வலை பில். "பில் போட்டா 16 சதவீதம் வரி சேரும், வேண்டாம்னா இதே விலை. தளம் வழியா கட்டினா கமிஷன் வேற, நேரா அனுப்பிடுங்க" அப்படின்னு வாட்ஸ்அப்புக்கு இழுத்துட்டாங்க. பாதி முன்பணம் 19,200. மீதி 19,200 வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி ராத்திரி, "டிரைவர் காத்துக்கிட்டிருக்கார்"னு அவசரப்படுத்தி. இரண்டும் ஸ்பேய், அதாவது அங்க உள்ள வங்கிப் பரிமாற்றம், ஒரு தனி ஆளோட 18 இலக்க கிளாபே கணக்கு எண்ணுக்கு. கடை பேருல இல்ல. அங்கேயே நின்னிருக்கணும்.

சனிக்கிழமை காலை சாமான் இறங்குச்சு. மழைக்காலம், மத்தியானத்துக்கு மேல வானம் கறுத்துடும், அதனால படம் எல்லாம் முற்பகல்லயே முடிக்கிற திட்டம். பெட்டியைப் பிரிக்கப் பிரிக்க வயிறு எரிஞ்சுது.

தோரணம் பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கே கெட்டதுன்னு சொல்லல. மழையில சாயக் காகிதம் நனைஞ்சா நிறம் இறங்கி வெள்ளை கவுனைப் பாழாக்கிடும், வெளியில கட்டுறதுக்கு நிறையப் பேரு பிளாஸ்டிக்தான் கேட்பாங்க. ஆனா அதனாலதான் வெள்ளைக் காகிதம் கேட்டிருந்தது, காசும் அதுக்குத்தான் கொடுத்தது. பிளாஸ்டிக் வெயில்ல மின்னும், படத்துல திட்டுத் திட்டா வெளுத்துக் கிடக்கும், காத்துல சரசரன்னு கத்தும். பியூப்லா மாநிலத்து சான் சல்வதோர் உயிஸ்கொலொத்லாவுல காகிதத்தை ஐம்பது தாள் வரைக்கும் அடுக்கி, உளி வச்சுத் தட்டித்தான் வெட்டுவாங்க. விளிம்பைத் தொட்டுப் பார்த்தாலே உளி இறங்கின இடம் தெரியும்.

தட்டு 12-ல ஒண்ணு அசல், வீடியோவுல பார்த்த அதே தட்டு. மத்த 11-ம் ஸ்டிக்கர் பூ. இரண்டு தட்டைப் பக்கத்துல வச்சா இதழ் வளைவு மில்லிமீட்டர் மாறாம ஒரே மாதிரி. தூரிகையில வரைஞ்சா அப்படி வரவே வராது. அசல்ல வண்ணம் வெள்ளை மெருகு மேல லேசா மேடா நிக்கும், நகத்துல தட்டுப்படும். இதுல வழவழன்னு ஓடுச்சு.

தெனாங்கோ விரிப்பைத் திருப்பினா பின்பக்கம் வெறும் வெள்ளை, அதாவது அச்சு. ரெபோஸோ நைலான், மோதிரத்துக்குள்ள நாலு விரல் அகலம்கூடப் போகல. எக்கிபால் ஆறுக்கு நாலுதான் வந்தது, ஒண்ணுல தோல் கிழிஞ்சு குச்சி வெளிய நீட்டிக்கிட்டிருந்தது. லேஸ் பாவாடையோட யாராவது அதுல உட்கார முடியுமா?

உடையைப் பத்தி எழுதக் கை கூசுது. தெவானா உடையில முகத்தைச் சுத்தி விரியுற அந்த வெள்ளை லேஸ், ரெஸ்ப்லாந்தோர்னு சொல்லுவாங்க, அதுதான் மொத்தப் படமும். கஞ்சி போட்டு, மடிப்பு மடிப்பா நிமிர்ந்து நிக்கணும். அகலமான பெட்டியில விரிச்சபடி கொண்டுவர வேண்டிய சாமான். அதை நாலா மடிச்சுக் குப்பைப் பையில திணிச்சு அனுப்பியிருந்தாங்க. சுருக்கம் எடுக்க ஸ்டீமர் வச்சா கஞ்சி இளகித் தொங்கிடும். புதுசா கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, காயவச்சுத்தான் நிமித்தணும். அதுக்கு அன்னைக்கு நேரம் ஏது? மேல்சட்டைப் பூவுக்குப் பின்னாடி மெஷின்காரங்க வைக்கிற ஒட்டுத்தாள் அப்படியே இருந்தது, அதாவது கைவேலை இல்ல.

பூவுக்கு வருவோம். டாலியா மெக்சிகோவோட தேசியப் பூ, அதுக்கு நல்ல சீசன் வேற. வந்ததுல பாதி மொட்டு. டாலியாவை மொட்டா வெட்டினா ஜாடியில விரியாது, முக்கால்வாசி மலர்ந்த அப்புறம்தான் வெட்டணும். மீதி, தண்ணி காட்டாம வண்டியில வெந்து வந்தது. சம்பங்கி மட்டும் பரவாயில்ல. நம்ம கல்யாண மாலையில போற அதே சம்பங்கிதான், அதுக்குத் தாய்வீடு மெக்சிகோ. வாசனைக்கு ஒரு நிமிஷம் கோபம் மறந்துச்சு, உண்மை.

அந்த ஒரு நிமிஷத்துலதான் அவங்க அனுப்பின பையன் கறுப்பு ஜாடி பத்துலயும் தண்ணியை ஊத்திட்டான். பளபளன்னு தேய்ச்ச பாரோ நெக்ரோ, சான் பார்த்தோலோ கொயோதெபெக் மண்ணு. குறைஞ்ச சூட்டுல சுடுறது, தண்ணி தாங்காது. உள்ள கண்ணாடிக் குவளை வச்சு அதுலதான் பூ வைக்கணும். குவளையும் சேர்த்துத் தர்றதா பட்டியல்ல இருந்தது, வரல. பத்து நிமிஷத்துல ஜாடி வியர்த்துச்சு, விரிப்பு நனைஞ்சுது, அச்சுச் சாயம் இறங்கிச்சு. இப்ப என்ன சொல்றாங்க தெரியுமா? "ஜாடியை நீங்கதான் கெடுத்தீங்க, வைப்புத் தொகை 6,000 கிடையாது." ஊத்தினது அவங்க ஆளு!

லாசோ எட்டு வடிவத்துல இரண்டு வளையமா இருக்கணும், மாப்பிள்ளை தோள்ல ஒண்ணு, பொண்ணு தோள்ல ஒண்ணு. வந்தது ஒத்தை வளைய ஜெபமாலை. ஆர்ராஸ் காசு 13 இருக்கணும். எண்ணினோம், 10.

அன்னைக்கு சாயங்காலமே படம் எல்லாம் அனுப்பிப் பணம் கேட்டாச்சு. பதில் ஒரே வார்த்தை: "அவோரித்தா." மெக்சிகோவுல பழகினவங்களுக்குத் தெரியும், "இதோ இப்பவே"ன்னு அர்த்தம், ஆனா அது அஞ்சு நிமிஷமாவும் இருக்கலாம், அடுத்த ஜென்மமாவும் இருக்கலாம். ஞாயிறு, "கணக்குப் பார்க்கிறவங்க லீவு." திங்கள் காலை, "கணக்குப் பார்க்கிறவங்க மீட்டிங்ல." திங்கள் மத்தியானம், அடுத்த புக்கிங்குக்கு 2,000 பெசோ தள்ளுபடி தர்றாங்களாம்! 38,400 போனவன் அடுத்த புக்கிங்குக்கு எங்க போவான்? அதுக்கப்புறம் நீல டிக் மட்டும். தளத்துக்கு எழுதினா, "பணம் எங்க வழியா வராததால தலையிட முடியாது"ன்னு மூணு வரி, கீழ ஒரு சிரிக்கிற பொம்மை. ப்ரோஃபேகோ, அங்க உள்ள அரசு நுகர்வோர் அமைப்பு, அங்க புகார் எழுதிக்கிட்டிருக்கோம். பில் இல்லாததால கையில இருக்கிறது வாட்ஸ்அப் படமும் பரிமாற்ற ரசீதும்தான்.

எச்சரிக்கை எழுதறேன்னு சொன்னேன். சட்டுனு தோணுறது இது:

பில் இல்லாம ஒரு பெசோ அனுப்பாதீங்க. 16 சதவீதம் மிச்சம்னு பார்த்தா 100 சதவீதம் போகும். கணக்கு தனி ஆள் பேருல இருந்தா அங்கேயே நிறுத்துங்க. வீடியோ கால்ல ஒரு தட்டைக் காட்டினா, மீதி பதினொண்ணையும் அன்னைக்கே திருப்பிக் காட்டச் சொல்லுங்க. மீதிப் பணம் சாமானை எண்ணி முடிச்ச அப்புறம்தான், டிரைவர் காத்திருந்தா காத்திருக்கட்டும். உடை முதல் நாள் சாயங்காலமே கைக்கு வந்துடணும்.

அப்புறம் அனுமதி. "தொல்லியல் இடத்துல எடுக்க பர்மிட்டும் நாங்களே"ன்னு சொல்ற ஆளுங்களை நம்பாதீங்க. முக்காலி, லைட்டோட தொழில்முறைப் படம்னா இனா (INAH), அதாவது தொல்லியல் இடங்களைப் பார்த்துக்கிற அரசு அமைப்புகிட்ட முன்கூட்டியே எழுத்துல அனுமதி வாங்கணும், நுழைவுச் சீட்டு பர்மிட் ஆகாது. எங்களுக்கும் ஒரு சீட்டைத்தான் நீட்டினாங்க, அதைத் தனியா எழுதணும்.

பத்து வரல, தெரியுது. போன் அடிக்குது, அந்தக் கடை நம்பர்தான், எடுத்துட்டு வரேன்.

எடிட்: ஜாடிக்கு இன்னும் 3,500 கட்டணுமாம்.