ட்ரிபிள் செவனா, குரூப்பா, ஏசிஎல்லா? பொது டிரைவுக்கு எது சரி

லினக்ஸில் பல பேருக்குப் பொதுவாக ஒரு டிரைவை மவுண்ட் செய்தாயிற்று. யாருக்கு என்ன பெர்மிஷன் கொடுப்பது? இதற்கு நான் வைக்கும் பரீட்சை ஒன்றுதான்: கணக்கர் காலையில் உருவாக்கிய ஃபைலை மதியம் மேலாளர் திருத்தி சேவ் செய்ய முடிகிறதா?

பலரும் மவுண்ட் செய்த டைரக்டரிக்கு (ஃபோல்டருக்கு) முதலில் போடுவது சிஹெச்மாட் 777, அதாவது பெர்மிஷனை மாற்றும் கட்டளையில் எல்லாருக்கும் எல்லா உரிமையும். பாதுகாப்பு இல்லை என்று அதைத் திட்டுவார்கள். அதைவிட வேடிக்கை, அது வேலைக்கும் ஆகாது. 777 அந்த டைரக்டரிக்குத்தான். உள்ளே புதிதாக வரும் ஃபைலின் பெர்மிஷனை நிர்ணயிப்பது உருவாக்கியவரின் யூமாஸ்க், அதாவது புது ஃபைலில் எந்த உரிமைகளைக் கழிப்பது என்ற அமைப்பு. அது 022 என்றால் ஃபைல் 644 ஆகத்தான் வரும். மேலாளர் அதைப் படிக்கலாம், அதில் எழுத முடியாது. ஆனால் டைரக்டரியில் எழுதும் உரிமை இருப்பதால் அதே ஃபைலை அழித்துவிடலாம்! ஸ்டிக்கி பிட் சேர்த்து 1777 ஆக்கினால் அழிப்பது நிற்கும், திருத்தும் வழி மட்டும் அப்போதும் திறக்காது.

குரூப் வழி எவ்வளவோ மேல். ‘ஆபீஸ்’ என்று ஒரு குரூப் தொடங்கி, ஆட்களைச் சேர்த்து, டைரக்டரியை அதன் பேருக்கு மாற்றி 2770 கொடுத்தால் போதும். முன்னால் நிற்கும் 2தான் செட்ஜிஐடி. உள்ளே உருவாவதெல்லாம் அதே குரூப்பில் சேரும். வெளியாள் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. (ஆளைக் குரூப்பில் சேர்க்கும் யூசர்மாட் கட்டளையில் பெரிய ஜி-யோடு சின்ன ஏ-வும் போடுங்கள். விட்டால் அந்த ஆள் நிர்வாகி உரிமை தரும் சூடோ உட்பட மற்ற கூடுதல் குரூப்புகளிலிருந்து கழன்றுவிடுவார்.) ஆனாலும் யூமாஸ்க் 022 இங்கேயும் குறுக்கே நிற்கும். ஒவ்வொருவருக்கும் 002 வைத்தாக வேண்டும். வேறிடத்திலிருந்து எம்வி கட்டளையால் நகர்த்திய ஃபைலும் பழைய குரூப்போடுதான் வந்து உட்காரும்.

என் ஓட்டு டீஃபால்ட் ஏசிஎல்லுக்கு. ஏசிஎல் என்பது யாருக்கு என்ன உரிமை என்று தனித்தனியாக எழுதும் பட்டியல். டைரக்டரியில் செட்எஃப்ஏசிஎல் கட்டளை கொண்டு குரூப்புக்கு எழுதும் உரிமையை டீஃபால்ட்டாகப் பதித்துவிட்டால், புது ஃபைல்களுக்கு யூமாஸ்க்கின் பேச்சு எடுபடாது. பரீட்சையில் பாஸ். ஆடிட்டருக்குப் படிக்க மட்டும் அனுமதி என்று தனி வரியும் சேர்க்கலாம். குரூப் வழியில் இது முடியாது. ஏற்கெனவே இருக்கும் ஃபைல்களுக்கு மட்டும் ஒருமுறை தனியாகக் கட்டளை கொடுக்க வேண்டும்.

தொல்லை இல்லாமல் இல்லை. ஃபைல்களைக் காட்டும் எல்எஸ் பட்டியலில் ஒரு கூட்டல் குறி மட்டும் தெரியும், விவரம் தெரியாது. யாராவது சிஹெச்மாடில் குரூப்பின் எழுதும் உரிமையை எடுத்தால் ஏசிஎல்லின் மாஸ்க் (அதில் தரும் உரிமைகளுக்கு உச்சவரம்பு) சுருங்கி, ஃபைலின் சொந்தக்காரரைத் தவிர குரூப்புக்கும் ஏசிஎல்லில் தனியாகப் பேர் உள்ளவர்களுக்கும் எழுத்து நின்றுவிடும். ஏசிஎல்லைக் காட்டும் கெட்எஃப்ஏசிஎல்லில் ‘எஃபெக்டிவ்’ என்ற சொல்லைப் பார்த்தால்தான் பிடிபடும். ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க்கில் பெரிய ஏ போடாமல் எடுத்த பேக்கப்பில் இந்த அமைப்பெல்லாம் இருக்காது.

விண்டோஸ்காரர்கள், லினக்ஸ் டிரைவை அவர்களுக்குப் பகிரும் சம்பா வழியாக வந்தால் அதன் கிரியேட் மாஸ்க்கையும் (புது ஃபைலுக்கு விடும் உரிமைகளின் உச்சவரம்பு) பாருங்கள். டீஃபால்ட் 0744, குரூப்பின் எழுத்துரிமை அங்கேயே வெட்டுப்படும். 0660 ஆக்குங்கள். டிரைவே லினக்ஸ் பெர்மிஷன்களைச் சேமிக்காத எக்ஸ்ஃபேட் வடிவம் என்றால் மேலே சொன்ன மூன்றும் செல்லாது. மவுண்ட் அமைப்புகள் இருக்கும் எஃப்எஸ்டேபில் மவுண்ட் வரியில் ஜிஐடி (குரூப் எண்), யூமாஸ்க் கொடுப்பதே வழி.