ஆள் நடமாட்டம்தான் துணை

லண்டனிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் சித்தியும் அத்தையும் தவறாமல் கேட்பார்கள்: "அங்க ராத்திரி வேலை முடிஞ்சு தனியா வர்றியே, பயமா இல்லையா?" அங்கே கூட வேலை செய்பவர்களோ, நான் இந்தியா போகிறேன் என்றதும் கவலையோடு பார்க்கிறார்கள். 2012இல் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் நிர்பயாவுக்கு நடந்தது அவர்கள் மனதில் அப்படியே நிற்கிறது. யாருடைய பயத்தையும் தள்ளிவிட மாட்டேன். இந்த முறை சென்னை, மதுரை என்று பெரும்பாலும் தனியாகவே போய்வந்தேன். எனக்குப் பயம் வந்த இடங்கள் வேறாக இருந்தன.

லண்டனில் போனைக் கையில் வைத்துக்கொண்டு சாலையோரம் நிற்க முடியாது. பைக்கில் வருகிறவன் பிடுங்கிக்கொண்டு பறந்துவிடுவான். அதைவிடப் பெரிய பயம், கடைகளை அடைத்தபிறகு ஆளே இல்லாத தெரு. 2021 மார்ச்சில் கிளாப்பம் பக்கம் வீட்டுக்கு நடந்துபோன சாரா எவரார்டைக் கடத்திக் கொன்றவன் போலீஸ் வேலையில் இருந்தவன். அதற்கப்புறம், வெறிச்சோடிய தெருவில் போலீஸ் வண்டியைப் பார்த்தாலும் எனக்கு முழு நிம்மதி வருவதில்லை.

மதுரைக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் போனேன். வண்டி கிளம்பும் முன் ரயில்வே பாதுகாப்புப் படைப் பெண்கள் இருவர் வந்தார்கள். தனியாக வருகிறேனா என்று கேட்டு இருக்கை எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். ஏதாவது என்றால் 139க்கு அடிக்கச் சொன்னார்கள். தனியாகப் போகும் பெண்களுக்காக 2020இல் தொடங்கிய 'மேரி சஹேலி' திட்டம் இது. இரண்டு நிமிடப் பேச்சுதான், ஆனால் அன்று நன்றாகத் தூங்கினேன்.

விடிவதற்கு முன்பே மதுரையில் இறங்கிவிட்டேன். வெளியே நல்ல இருட்டு. ஆனால் ஸ்டேஷன் வாசலில் டீக்கடை திறந்திருந்தது, பூ மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது, குடும்பம் குடும்பமாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். டீ போட்டுக் கொடுத்தவர், "ஓரமா உக்காரும்மா, வெளுத்ததும் போகலாம்" என்றார். அந்த நேரத்தில் லண்டனில் என் தெருமுனையில் நிற்கச் சொன்னால் நிற்க மாட்டேன். இங்கே பையைக் காலடியில் வைத்துவிட்டு நிதானமாக டீ குடித்தேன். ஒரு கூப்பிடு தூரத்தில் நாலு பேர் இருக்கிறார்கள் என்ற தைரியத்தை எந்த கேமராவும் எனக்குத் தந்ததில்லை.

திரும்பும்போது பஸ். 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்தில் நள்ளிரவில் இறங்கினேன். உள்ளே வெளிச்சம், கூட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் வெளியே வந்தபிறகுதான். ஆப்பில் பதிவு செய்த கார் கொஞ்ச தூரம் போனதும் ஜிஎஸ்டி சாலையோரம் இருட்டில் நின்றது. "மேல முந்நூறு குடுங்க, இல்லன்னா இறங்கிக்கங்க" என்றார் டிரைவர். ஆப்பில் இருந்த அவசர பட்டனை அழுத்தினேன். அந்த நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தபோது நான் பணத்தைக் கொடுத்து வீட்டுக்கே வந்து சேர்ந்திருந்தேன். பயணம் முழுக்க எனக்குக் கை நடுங்கியது அங்கே மட்டும்தான். அவ்வளவு பெரிய நிலையத்தைக் கட்டிய ஊரில், அங்கிருந்து வீடு வரைக்கும் ராத்திரியில் நம்பிப் போக அடிக்கடி மாநகர பஸ் ஓட வேண்டாமா?

யாரும் கேட்காத இன்னொரு பயம் சாலை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பகலிலேயே ரோட்டைக் கடக்க எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. நடைபாதை இருந்த இடத்தில் பைக் ஏறி வருகிறது. 2023இல் தமிழ்நாட்டில் சாலை விபத்துகளில் 18,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பிரிட்டனில் அதே ஆண்டு சுமார் 1,600 பேர். இத்தனைக்கும் மக்கள்தொகையில் பத்து மடங்கு வித்தியாசம் ஒன்றும் கிடையாது. சித்தி என் ராத்திரி ரயிலுக்காகக் கவலைப்படுகிறார். நான் அவர் காலையில் பால் வாங்கப் போவதற்காகக் கவலைப்படுகிறேன்.

சரி, ஏதாவது நடந்துவிட்டால்? லண்டன் ரயிலில் ரயில்வே போலீஸின் 61016க்கு ஒரு குறுஞ்செய்தி போதும், வாய் திறந்து பேசக்கூட வேண்டாம். இங்கே 112 இருக்கிறது, பெண்களுக்கு 181 இருக்கிறது. ஆனால் என் தங்கை முறைப் பெண்கள் கூப்பிடத் தயங்குகிறார்கள். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான மாணவியின் விவரங்கள் முதல் தகவல் அறிக்கை வழியாகவே வெளியே கசிந்ததை அவர்கள் மறக்கவில்லை. "கூப்பிட்டா வருவாங்கக்கா, அப்புறம் என் பேரு ஊரெல்லாம் போனா?" என்று ஒருத்தி கேட்டாள். கல்லூரி முதலாம் ஆண்டு படிக்கிறாள். என்ன சொல்வதென்று தெரியாமல், 139, 112, 181 என்று மூன்று எண்களையும் அவள் போனில் பதிந்து கொடுத்தேன்.