பாட்டில் பாக்டீரியாவா, கல்வாழைப் படுகையா? கழிவுநீருக்கு எது உதவும்

வீட்டுக் கழிவுநீரை ரசாயனம் இல்லாமல் சுத்தம் செய்ய வழி தேடினால் நான்கு பெயர்கள் திரும்பத் திரும்பக் காதில் விழும்: செப்டிக் டேங்கில் கொட்டும் பாக்டீரியா பவுடர், வெல்லம் சேர்த்துப் பெருக்கும் இ.எம். (பயன்தரும் நுண்ணுயிர்க் கலவை) கரைசல், தேற்றாங்கொட்டை அல்லது முருங்கை விதை, கல்வாழை நட்ட ஜல்லிப் படுகை. எல்லாவற்றுக்கும் ‘இயற்கை முறை’ என்றுதான் பெயர். ஆனால் நான்கும் செய்கிற வேலை வெவ்வேறு. அது தெரியாமல் வாங்கினால் காசும் போகும், நாற்றமும் போகாது.

பவுடரிலிருந்து தொடங்குகிறேன், அதிகம் விற்பது அதுதான். செப்டிக் டேங்குக்கு வெளியிலிருந்து பாக்டீரியா தேவையே இல்லை. ஒரு கிராம் மலத்திலேயே ஆயிரக்கணக்கான கோடி பாக்டீரியா இருக்கிறது. தினமும் புதிதாக வந்து சேர்ந்துகொண்டும் இருக்கிறது. அதன் மேல் ஒரு பாக்கெட் பவுடர் தூவி என்ன மாறிவிடப் போகிறது? ‘இதைப் போட்டால் கசடு எடுக்கும் லாரியே வேண்டாம்’ என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். மண், மணல், மட்காத நார் இவற்றை எந்த பாக்டீரியாவும் தின்னாது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கசடை எடுத்தே ஆகவேண்டும். எடுக்காமல் விட்டால் அது தண்ணீரோடு உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணை அடைத்துவிடும், அப்புறம் குழியையே மாற்ற வேண்டியிருக்கும். இன்னொன்று: வாரம் தவறாமல் கழிவறையில் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஊற்றும் வீட்டில், அதைக் குறைத்தாலே டேங்க் ஓரளவு தேறிவிடும். அதற்குச் செலவே இல்லை.

இ.எம். கரைசல் கொஞ்சம் மேல். ஜப்பானின் ஒகினாவாவில் ரியூக்யூ பல்கலைக்கழகப் பேராசிரியர் தெருவோ ஹிகா 1980களில் பரப்பிய கலவை இது. லாக்டிக் அமில பாக்டீரியா, ஈஸ்ட், ஒளிச்சேர்க்கை பாக்டீரியா மூன்றும் இதில் உண்டு. சமையலறைக் கழிவை உரமாக்கும்போது நாற்றத்தை அடக்க நான் தயங்காமல் இதைச் சொல்வேன். ஓடுகிற சாக்கடைக்கு மட்டும் சொல்ல மாட்டேன். கரைசலைப் பெருக்க நாம் சேர்க்கும் வெல்லமே தண்ணீரில் போய்ச் சேரும் புதுக் கழிவுதான்: ஒரு கிராம் சர்க்கரை முழுதாகச் சிதைய ஏறக்குறைய ஒரு கிராம் ஆக்சிஜன் வேண்டும். ஊற்றிய கிருமிகளும் தங்க இடமில்லாமல் தண்ணீரோடு போய்விடும். அதனால் வாராவாரம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

விதைகள் விஷயம் தனி. சங்க காலத்திலேயே தேற்றாங்கொட்டையால் கலங்கல் நீரைத் தெளிய வைத்திருக்கிறார்கள். கல்லில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கொட்டையை உரைத்து, வெள்ளையாக வரும் விழுதைக் கலங்கல் நீரில் கலந்து முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கிண்டினால், சேறு திரிதிரியாகச் சேர்ந்து அடியில் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். முருங்கை விதையில் நேர் மின்னூட்டம் உள்ள புரதம் இருக்கிறது. எதிர் மின்னூட்டமுள்ள களிமண் துகளை அது இழுத்துப் பிடிக்கிறது. படிகாரம் செய்வதும் இதே வேலைதான். படிகாரம் தண்ணீரின் காரத்தன்மையைக் குறைத்து, அடியில் அலுமினியக் கசடையும் விட்டுப் போகும். விதை அப்படிச் செய்யாது, ஆனால் அதன் புரதம் தண்ணீரில் தங்கி, ஒரு நாள் தாண்டினால் வாடை அடிக்கும். முக்கியமான குறை வேறு: கரைந்திருக்கும் சோப்பு, யூரியா, அம்மோனியா எதையும் விதை தொடாது. கழிவுநீர் தெளிவாகத் தெரியும், ஆனால் சுத்தமாகியிருக்காது. கலங்கிய குளத்து நீருக்கு விதை சரி, சாக்கடைக்குச் சரிப்படாது.

என் ஓட்டு கல்வாழைப் படுகைக்கு. பார்க்கச் செடிதான் வேலை செய்வது போலிருக்கும். பெரும்பங்கு வேலை ஜல்லியின் மேல் வழவழப்பாகப் படியும் பாக்டீரியாப் படலத்தில் நடக்கிறது. படலம் கல்லோடு ஒட்டியிருப்பதால் தண்ணீர் ஓடினாலும் கிருமி போகாது. இந்தச் சூட்சுமம் பழையது. 1914இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கழிவுநீரில் காற்றடித்துப் பார்த்தார்கள். முதல் தடவை அம்மோனியா முழுதும் நைட்ரேட்டாக மாற வாரக்கணக்கில் ஆனது. அடியில் தங்கிய கசடைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு அதன் மேலேயே புதுக் கழிவுநீரை விட, அந்த நேரம் ஒரு நாளுக்குள் வந்துவிட்டது. கிருமியை யாரும் விலைக்கு வாங்கவில்லை, இருந்ததைப் போகவிடாமல் பிடித்து வைத்தார்கள், அவ்வளவுதான். அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபௌலர் பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கே வந்து பணியாற்றினார்.

நாலு பேர் வீட்டில் குளியல், துணி துவைக்கும் தண்ணீர் நாளுக்கு 300 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது படுகைக்குள் மூன்று நாள் தங்கினால் 900 லிட்டர். முக்கால் இன்ச் ஜல்லிக்கு நடுவே 40 சதவீதம்தான் வெற்றிடம், ஆக இரண்டேகால் கன மீட்டர் ஜல்லி. இரண்டடி ஆழத்துக்கு நாலடிக்குப் பத்தடி இடம் போதும். தண்ணீர் மட்டம் ஜல்லிக்கு இரண்டு இன்ச் கீழேயே நிற்க வேண்டும். மேலே வந்தால் கொசு வரும். சமையலறைத் தண்ணீரையும் விடுவதாக இருந்தால் முன்னால் எண்ணெய்ப் பிசுக்குத் தொட்டி ஒன்று அவசியம், அதை அடிக்கடி வழிக்கவும் வேண்டும். இந்தச் சோம்பலால்தான் பல படுகைகள் அடைத்துப்போகின்றன. வெளிவரும் நீரை வாழைக்கும் தென்னைக்கும் விடலாம்; கீரைப் பாத்திக்கு வேண்டாம், நோய்க்கிருமி முழுதும் போவதில்லை. பெரிய அளவில் பார்க்க விரும்பினால் புதுச்சேரி தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையில் இந்த வகைச் சுத்திகரிப்பு அமைப்பு இருக்கிறது.

அப்படியானால் வெளியிலிருந்து கிருமி சேர்ப்பது எங்குமே பயன்படாதா? பயன்படும். ஆக்சிஜன் இல்லாமலே அம்மோனியாவை நீக்கும் அனாமாக்ஸ் என்ற பாக்டீரியா இரட்டிப்பாகவே பத்து நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். 2002இல் ராட்டர்டாமில் அதற்கென அமைத்த முதல் பெரிய தொட்டி முழு வேகத்துக்கு வர மூன்றரை வருடம் பிடித்தது; அந்தத் தொட்டியின் கசடு கிடைத்த பிறகு வந்தவர்களுக்குக் காத்திருப்பு வெகுவாகக் குறைந்தது. படுகைக்கு இடமில்லாத அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்களுக்கும் இது பொருந்தும். புது சுத்திகரிப்புத் தொட்டியைத் தொடங்கும்போது டப்பாப் பவுடருக்குப் பதில், நன்றாக ஓடும் வேறொரு நிலையத்திலிருந்து ஒரு டேங்கர் உயிர்க் கசடு (பாக்டீரியா உயிரோடு இருக்கும் கசடு) கேட்டு வாங்குங்கள். காற்றடிக்கும் ப்ளோயரை மின்கட்டணத்துக்குப் பயந்து ராத்திரியில் நிறுத்தாதீர்கள்.

எதை வைத்தாலும் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வெளிவரும் தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, மூடி, ஐந்து நாள் இருட்டில் வையுங்கள். கறுத்து, அழுகிய முட்டை வாடை அடித்தால் கழிவு இன்னும் மிச்சம் இருக்கிறது. பாக்டீரியா பாட்டில் விற்க வருபவரிடம், ஒரு வருடத்துக்கு மேல் ஓடும் இடத்தில் உள்ளே போகும் நீருக்கும் வெளியே வரும் நீருக்கும் ஆய்வகத்தில் எடுத்த பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்கக் கிருமிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) அளவைக் கேளுங்கள்.