ரிச்சி தெருவில் மைக்ரோவேவ் ரிப்பேர்: திறந்து காட்டிச் செய்யும் கடை

திருவல்லிக்கேணியில் வேலைக்குப் போகும் பெண்களுக்காகச் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். ராத்திரி லேட்டாக வரும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு சுட வைத்துத் தர மைக்ரோவேவ் இல்லாமல் முடியாது. அது திடீரென்று மக்கர் பண்ணியது. லைட் எரிகிறது, தட்டு சுற்றுகிறது, உறுமல் மட்டும் வழக்கத்தைவிட ஜாஸ்தி. குழம்போ ஜில்லென்று அப்படியே இருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்த சர்வீஸ் ஆள் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "மேக்னட்ரான் போச்சு, 3,500 ஆகும்" என்றார். சூடாக்கும் அலையை உண்டாக்கும் பாகம்தான் மேக்னட்ரான். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆட்டோவில் ஏற்றி ரிச்சி தெருவில் மாடியில் இருக்கும் இந்தக் கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் மூடியைக் கழற்றியதும் முதலில் ரெசிஸ்டர் மாட்டிய ஒயரால் கப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்தார். "பிளக்கப் புடுங்கினாலும் இதுக்குள்ள சார்ஜ் நிக்கும்க்கா, ஆளையே தூக்கிடும்" என்றார். அப்புறம்தான் மீட்டரை எடுத்தார். கேட்கக் கேட்க எல்லாவற்றையும் விரலால் தொட்டுக் காட்டி விளக்கினார்.

230 வோல்ட் கரண்ட் ஃபியூஸ், தெர்மல் கட்-அவுட், கதவு சுவிட்சுகள், ரிலே எல்லாம் தாண்டி அந்தக் கனமான டிரான்ஸ்ஃபார்மருக்கு வருகிறது. அங்கிருந்து இரண்டாகப் பிரிகிறது. மூன்று வோல்ட் சொச்சம் மேக்னட்ரானுக்குள் இருக்கும் ஃபிலமென்ட் என்ற கம்பியைச் சூடாக்க. இன்னொன்று 2,000 வோல்ட் வாக்கில். அதுவும் பத்தாது. கரண்ட் திசை மாறி மாறி ஓடுவதில் ஒரு அரைச்சுற்றில், ஒரு பக்கம் மட்டும் கரண்ட் விடும் டையோடு வழியாகக் கப்பாசிட்டர் சார்ஜ் ஆகிறது. அடுத்த அரைச்சுற்றில் அந்தச் சார்ஜும் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜும் ஒன்றாகக் கூடி 4,000 வோல்ட் அளவில் மேக்னட்ரானுக்குப் போகிறது. செகண்டுக்கு 50 தடவை இது நடக்கிறது. அப்போதுதான் சாப்பாட்டைச் சூடாக்கும் 2,450 மெகாஹெர்ட்ஸ் அலை வரும்.

எங்கள் ஓவனில் போயிருந்தது டையோடு. நல்ல டையோடைச் சாதாரண மீட்டரில் வைத்தால், மீட்டரின் சின்ன வோல்டேஜ் பத்தாமல் எந்தப் பக்கமும் ஒன்றும் காட்டாதாம். எங்களுடையது இரண்டு பக்கமும் பீப் அடித்தது, முழு ஷார்ட். வோல்டேஜ் இரட்டிப்பாகவில்லை, டிரான்ஸ்ஃபார்மர் லோடு தாங்காமல் உறுமியது. புது டையோடை 9 வோல்ட் பேட்டரியோடு சேர்த்து வைத்து, ஒரு பக்கம் மட்டும் கரண்ட் விடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாட்டினார். மேக்னட்ரானையும் சோதித்தார். ஃபிலமென்ட் ஒரு ஓமுக்கும் கீழே, பாடியோடு தொடர்பு இல்லை. நன்றாகவே இருந்தது.

நான் கேட்காமலே கதவு சுவிட்சுகளையும் பார்த்தார் பாருங்கள், அதற்காகவே இந்தக் கடையைச் சொல்கிறேன். மூன்று சுவிட்ச் இருக்கிறது. முதல் சுவிட்ச் ஒட்டிக்கொண்டு, கதவைத் திறந்தும் கரண்ட் போய்க்கொண்டிருந்தால், மானிட்டர் என்ற சுவிட்ச் தானே ஷார்ட் செய்து ஃபியூஸை எரித்துவிடும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று இந்தச் சுவிட்சைத் துண்டித்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். மன்னிக்கவே முடியாத வேலை அது. கதவு திறந்திருக்கும்போது ஓவன் ஓடினால் எதிரில் நிற்பது என் மெஸ் பிள்ளைகள்தானே. எங்களுடையதில் ஒரு சுவிட்சின் லீவர் தளர்ந்திருந்தது, மாற்றிக் கொடுத்தார்.

கிளாஸ் தண்ணீர் வைத்து ஓட்டிக் காட்டினார், ஆவி வந்தது. டையோடு, சுவிட்ச், கூலி எல்லாம் சேர்த்து 650 ரூபாய். பழைய டையோடையும் கையில் கொடுத்தார்.

குறை என்றால், வீட்டுக்கு வர மாட்டார். படி செங்குத்து, ஓவனைத் தூக்க ஒரு ஆளைக் கூட்டிப்போங்கள். பில்லும் நாம் கேட்டால்தான் எழுதுகிறார். இன்வெர்ட்டர் மாடலை அவர் எடுப்பதில்லை. பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் அதில் தனி போர்டு இருக்கிறது. அந்த மாடல் வைத்திருப்பவர்கள் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.