ஐபி முகவரி: ஊரைச் சொல்ல வேண்டுமா, இணைப்பைச் சொல்ல வேண்டுமா?

தரைவழித் தொலைபேசி எண் 044 என்று தொடங்கினால் சென்னை, 0452 என்றால் மதுரை. இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் அடையாளமாக இருக்கும் எண்ணான ஐபி முகவரியில் அப்படி ஊர் தெரியாது. அந்த எண்தொகுதி எந்த இணையச் சேவை நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்பதைத்தான் தரவுக்கு வழிகாட்டும் ரூட்டர்கள் பார்க்கின்றன. ஊர்வாரி முகவரிக்கும் ஒரு காலத்தில் வாய்ப்பு இருந்தது. ஐபியின் புதிய பதிப்பான ஐபிவி6-க்கு 1995-இல் வெளியான முகவரி வரையறை, மொத்த முகவரிகளில் எட்டில் ஒரு பங்கை இதற்கென்றே ஒதுக்கியிருந்தது. 1998-இல் வந்த திருத்தத்தில் அந்த ஒதுக்கீடு இல்லை.

ஊர்வாரி முறையின் கவர்ச்சி உண்மையானது. சேவை நிறுவனத்தை மாற்றினாலும் முகவரி மாறாது. நிறுவனவாரி முறையில், ஒரு கல்லூரி வேறு நிறுவனத்துக்கு மாறினால் சர்வர், ஃபயர்வால் (பாதுகாப்பு அரண்), டிஎன்எஸ் (தளப் பெயருக்கு உரிய முகவரியைச் சொல்லும் அமைப்பு) எல்லாவற்றிலும் எண்ணை மாற்ற வேண்டும். இதைத் தவிர்க்கச் சொந்த முகவரித் தொகுதி வாங்குபவர்கள் ஒவ்வொருவரும், எந்தத் தொகுதிக்கு எந்த வழி என்று ரூட்டர்கள் வைத்திருக்கும் உலக வழிப்பட்டியலில் தனி வரியாகச் சேர்கிறார்கள். 2014 ஆகஸ்டில் அந்தப் பட்டியல் 5,12,000 வரிகளைத் தாண்டியபோது, அதற்கு மேல் நினைவகத்தில் இடமில்லாத பழைய ரூட்டர்கள் திணறின.

ஆனாலும் என் வாக்கு நிறுவனவாரி முறைக்கே. ஒரு ஊரின் முகவரிகளை வழிப்பட்டியலில் ஒரே வரியில் அடக்க வேண்டுமென்றால், அந்த ஊரிலுள்ள எல்லா நிறுவனங்களும் அங்கேயே ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். போட்டி நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு வரும் தரவுப் பாக்கெட்டையும் சுமக்க வேண்டும். அதற்கு யார் காசு கொடுப்பது? இதற்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விடை இன்றுவரை கிடைக்கவில்லை. கேபிள்கள் வரைபடத்தைப் பார்த்துப் போவதில்லை, ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான் போகின்றன. இந்தியாவுக்குள்ளேயே பரிமாற வேண்டிய தரவு வெளிநாடு சுற்றி வருவதைத் தடுக்கத்தான், சேவை நிறுவனங்கள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் அமைப்பான நிக்ஸி 2003-இல் தொடங்கப்பட்டது.

பக்கத்தில் இருப்பவரே இணைப்பிலும் பக்கத்தில் இருக்கும் இடங்களில் கதை மாறும். சாலையில் ஓடும் வண்டிகள் ரேடியோ வழியாகப் பேசிக்கொள்ளும்போது, “அடுத்த வளைவில் விபத்து” என்ற எச்சரிக்கை அந்தப் பகுதியிலுள்ள வண்டிகளுக்குத்தான் போக வேண்டும். அவற்றின் எண் யாருக்கும் தேவையில்லை. ஒரு பரப்பையே முகவரியாக்கும் இந்த எண்ணத்தை 1996-இலேயே அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜிபிஎஸ்ஸை வைத்து முன்வைத்தார்கள். ஐரோப்பாவின் தொலைத்தொடர்புத் தர அமைப்பான எட்சி வண்டிகளுக்கென்றே இதைத் தரமாக்கியிருக்கிறது. இங்கே இடவாரி முறைதான் சரி, தயக்கமே வேண்டாம்.

அருகிலுள்ள சர்வரை அடைவதற்காக மட்டும் ஊர்வாரி முகவரி கேட்பவர்களுக்கு எனிகாஸ்ட் போதும். டிஎன்எஸ்ஸின் உச்சியில் இருக்கும் ரூட் சர்வர்கள் இப்படித்தான் இயங்குகின்றன: ஒரே முகவரி பல நாடுகளில் அறிவிக்கப்படும், வழிப்பட்டியலில் கிட்டே இருப்பது பதில் தரும். அது கிலோமீட்டர் கணக்கிலும் கிட்டே இருக்கும் என்று உறுதியில்லை.

எனக்குப் பெரிய கவலை அந்தரங்கம். அட்சரேகை, தீர்க்கரேகையை 44 பிட்டுகளில் (0, 1 இலக்கங்களில்) கோத்து ஐபிவி6 முகவரியாக்கும் ஒரு திட்டமும் முன்வைக்கப்பட்டது. அது பூமியைப் பிரிக்கும் ஒவ்வொரு கட்டத்தின் பக்கமும் 10 மீட்டருக்கும் குறைவு. நாம் திறக்கும் ஒவ்வொரு தளத்துக்கும் நம் வீட்டு வாசலைக் காட்டிக்கொடுக்கும் முகவரி அது. இதை நான் ஏற்கவே மாட்டேன். இருப்பிடம் முகவரிக்கு வெளியே இருக்கட்டும். 2020-இல் வரையறுக்கப்பட்ட ஜியோஃபீட் கோப்பில் எந்தத் தொகுதி எந்த ஊரில் இருக்கிறது என்று நிறுவனமே எழுதி வெளியிடலாம். தொகுதி வேறு ஊருக்குப் போனால் அந்த வரியை மட்டும் திருத்தினால் போதும்.