வாய்வா, மாரடைப்பா?

காரைக்குடிப் பக்கம் கல்யாண வீட்டில் காலைப் பலகாரமே கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம் என்று போகும். மதியப் பந்தி முடிந்து, ஐம்பதை ஒட்டிய ஒருவர் முகப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், வளவிலிருந்து (வீட்டின் உள்முற்றத்திலிருந்து) வரும் முதல் தீர்ப்பு, "வாய்வுதான், ஒரு சோடா வாங்கிக் குடுங்க." பல நேரம் அது சரியாகவும் இருந்துவிடும். வம்பே அதில்தான்.

நெஞ்செரிச்சல் என்றால் எரியும், புளித்த ஏப்பம் வரும், படுத்தால் கூடும். மாரடைப்பு பெரும்பாலும் எரியாது, அழுத்தும். அம்மிக்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி என்பார்கள். ஒற்றை விரலால் இடத்தைக் காட்ட மாட்டார்கள், நடுநெஞ்சில் கையையே வைப்பார்கள். தோள், தாடை, முதுகு என்று பரவும். சட்டை வியர்வையில் நனையும். சரி, வித்தியாசம் தெளிவாகத்தானே இருக்கிறது? இல்லை. இதயத்தின் கீழ்ப்பகுதி பாதிக்கப்பட்டால் வலி மேல்வயிற்றில் வரும், வாந்தியும் வரும். சர்க்கரை உள்ளவருக்கு வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் அசதியும் மட்டும் இருக்கலாம். ஜெலுசில் குடித்ததும் தணிந்தது என்பதும் சாட்சியாகாது. மாரடைப்பு வலியும் இடையில் தணிந்து திரும்பும்.

பந்திக்கு அண்டா தூக்கியவருக்குத் தசைப்பிடிப்பு வரலாம்: அமுக்கினால், திரும்பினால் வலிக்கும். அக்கி என்றால் கொப்புளத்துக்கு முன்பே ஒருபக்கமாக எரியும்.

அரிதானாலும் பயப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று, நுரையீரலில் ரத்தக்கட்டு. நெடுநேர விமானப் பயணம் முடித்துத் திருமணத்துக்கு வந்தவருக்குத் திடீரென்று மூச்சு வாங்கி, ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் அதை நினைக்க வேண்டும். மற்றது, மகாதமனிக் கிழிசல், அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் சுவர் கிழிவது. தொடங்கிய நொடியிலேயே உச்ச வலி, கிழிப்பதுபோல முதுகுக்கு ஓடும். இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் வேறுபடலாம். இதை மாரடைப்பென்று நினைத்து ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆக, முகப்பில் உட்கார்ந்து தீர்மானிக்கிற விஷயம் இல்லை இது. மருத்துவமனைக்குள் நுழைந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுக்க வேண்டும். முதல் இசிஜி சரியாக இருந்தாலும் விட்டுவிடாமல், இதயத் தசை சேதமானதைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேரம் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். "எதுக்கும் மதுரைக்கே போயிடுவோம் அண்ணே" என்று காரை எடுக்கிறார்களே, அதுதான் எனக்குப் பிடிக்காதது. ஏறக்குறைய 90 கிலோமீட்டர், வழியில் மயங்கினால் கையில் ஒன்றுமில்லை. 108-ஐக் கூப்பிட்டுப் பக்கத்து அரசு மருத்துவமனையில் இசிஜி எடுத்துவிடுவதுதான் சரி. ஆரம்ப சுகாதார நிலையத்தில்கூட 2023 முதல் தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில், ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடின் ஆகிய மாத்திரைகளின் முதல் வேளையைக் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.