பாலூட்டி வகைப்பாட்டு சார்ட்: திமிங்கலக் கட்டத்தை இடம் மாற்றினால் வாங்கலாம்

பெங்களூரு அவென்யூ ரோடு புத்தகக் கடைகளில் 220 ரூபாய்க்குக் கிடைக்கும் தமிழ்–கன்னட சார்ட் இது. லேமினேட் செய்தது, மேலும் கீழும் மரச்சட்டம். அல்சூர் பக்கம் டியூஷன் எடுப்பவர்கள் நிறையப் பேர் விசாரிக்கிறார்கள்.

படங்கள் அருமை. நீலத் திமிங்கலத்தின் பலீன் தட்டுகளையும் (இரையை வடிகட்டும் சீப்பு போன்றவை) ஸ்பெர்ம் திமிங்கலத்தின் கீழ்த்தாடைப் பற்களையும் அருகருகே வரைந்திருப்பதால், சல்லடை வாய், பல் வாய் என்ற இரு பெரும் பிரிவுகள் பார்த்ததுமே புரிகின்றன. ஓர்கா என்ற கொலைகாரத் திமிங்கலத்தை ஓங்கில் (டால்பின்) குடும்பத்தில் வைத்ததும் சரி. பெயரில் திமிங்கலம் இருப்பதால் பலர் சறுக்கும் இடம் அது.

பெரிய பிழை, திமிங்கலங்களைத் தனி வரிசையாக (order) நிறுத்தியது. மாடு, மான், பன்றி அடங்கிய இரட்டைப்படைக் குளம்பிகளுக்குள்ளேயே அவை வரவேண்டும். இன்று வாழும் விலங்குகளில் நீர்யானைதான் மிக நெருங்கிய உறவு. மரபணுக்கள் காட்டிய இந்த உறவை எலும்புகளும் உறுதி செய்தன. 2001இல் வெளியான பாகிஸ்தான் புதைபடிவங்களில், பழந்திமிங்கலங்களின் கணுக்கால் எலும்பு இருமுனையிலும் கப்பி வடிவில் இருந்தது. அது இரட்டைப்படைக் குளம்பிகளின் அடையாளம். ஜம்மு–காஷ்மீரில் கிடைத்த, 2007இல் விவரிக்கப்பட்ட இந்தோஹையஸ் என்ற சிறு குளம்பிக்கோ திமிங்கலத்துக்குரிய தடித்த செவியெலும்பு இருந்தது. நம் நாட்டு மண்ணில் கிடைத்த சான்றையே விட்டுவிட்டார்களே என்று வருத்தமாக இருக்கிறது.

அடுத்து, ‘கடல் பாலூட்டிகள்’ என்ற கட்டம். வாழுமிடம் வகைப்பாடு ஆகாது. அதிலுள்ள சீல் ஊனுண்ணி வரிசை. பாக் விரிகுடாவின் ஆவுளியா (கடற்பசு) யானைக்கு உறவு. கங்கை ஓங்கிலையும் கடல் ஓங்கில் குடும்பத்தில் போட்டிருக்கிறார்கள், அதற்குத் தனிக் குடும்பம் உண்டு. அறிவியல் பெயர்களில் சிற்றினப் பெயரும் பெரிய எழுத்தில் தொடங்குகிறது. பேரினத்துக்கு மட்டுமே அது பொருந்தும்.

திருத்த அரைமணி நேரம் போதும். லேமினேஷன் வழவழப்பில் கோந்து பிடிக்காது, காய்ந்ததும் தாள் உரிந்து விழும். திருத்தத்தைத் தாளில் எழுதி, நான்கு ஓரமும் செலோடேப்பால் மூடி ஒட்டுங்கள். குளம்பிகள் கட்டத்திலிருந்து திமிங்கலத்துக்குப் போகும் கோட்டை பெர்மனென்ட் மார்க்கரால் இழுக்கலாம். தவறினால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அழியும். ட்யூப்லைட்டுக்கு நேரெதிரே மாட்டாதீர்கள், பளபளப்பில் சிறிய கன்னட எழுத்து தெரியாது.